இராபர்ட் மெக்கரிசன்

சர் இராபர்ட் மெக்கரிசன் (மார்ச் 15, 1878 – மே 18, 1960) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய மருத்துவரும் ஊட்டச்சத்து ஆய்வாளரும் ஆவார். நீலகிரி மாவட்டம் குன்னூரில் இவர் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வே பிற்காலத்தில் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. ஒரு நோய் எந்த ஊரில் மிகுதி, எங்கே குறைவு, அங்குள்ளோர் உண்பதும் குடிப்பதும் யாவை என்று கணக்கெடுத்து, அக்கணக்கிலிருந்து காரணத்தைத் தேடுவது நோய்ப்பரவலியல் எனப்படும். இந்திய ஊர்களில் இம்முறையைக் கையாண்ட முன்னோடிகளுள் இவர் ஒருவர். நோய் பரவியிருந்த விதத்தை இவர் பெரும்பாலும் சரியாகவே கண்டார். அதற்கு இவர் கூறிய காரணங்கள் எல்லாம் பின்னாளில் நிலைக்கவில்லை.

இளமை

அயர்லாந்தின் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாசுட்டு குயின்சு கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியா வந்தார். வடமேற்கு எல்லையிலுள்ள சித்ராலில் படைவீரர்களை வாட்டிய மூன்று நாள் காய்ச்சலை ஆராய்ந்ததே இவருடைய முதல் குறிப்பிடத்தக்க பணியாகும்.

கில்கிட் ஊர்களில் கழலை நோய்

பின்னர் கில்கிட் பகுதியின் மருத்துவராக இவர் அமர்த்தப்பட்டார். அங்கு முன்கழுத்துக் கழலை நோய் மிகப் பரவலாக இருந்தது. ஒரே ஓடையின் கரையில் மேலிருந்து கீழாக எட்டு ஊர்கள் அமைந்திருந்தன. மேலூர் மக்கள் குளித்தும் துவைத்தும் கழித்தும் அனுப்பிய நீரையே அதற்கடுத்த ஊரார் குடித்தனர். மெக்கரிசன் ஒவ்வோர் ஊரிலும் கழலை உள்ளோரை எண்ணினார். உச்சியிலிருந்த ஊரில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேருக்கு நோய் இருந்தது. ஊர்கள் கீழே இறங்க இறங்க எண்ணிக்கை ஏறி, கடைசி ஊரில் ஏறத்தாழ 45 பேராயிற்று.

எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. அந்நீரின் வண்டலைத் தாமும் உட்கொண்டு, தன்னார்வலர்க்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்கவைத்த வண்டலை உட்கொண்டவர்களுக்கு அவ்வாறு நேரவில்லை. எனவே நீரில் வாழும் கிருமியே காரணம் என்னும் முடிவுக்கு வந்தார். இன்று கழலை நோயின் முதன்மைக் காரணம் அயோடின் குறைபாடு என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. மலைப்பகுதி மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். ஆயினும் ஊர்வாரியான அக்கணக்கெடுப்பு ஒழுங்கான கள ஆய்வுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இலண்டனில் 1854 இல் வாந்திபேதி இறப்புகளை வரைபடத்தில் குறித்துத் தெருக்குழாயைச் சுட்டிய ஜான் சுனோவின் முறையும் இத்தகையதே. சுனோவுக்குக் கிருமி தெரியாது. நீரைத் தடுக்க வேண்டும் என்பது தெரிந்தது.

குன்னூரும் பெரிபெரியும்

1918 ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வுப் பிரிவு இவர் பொறுப்பில் தொடங்கப்பட்டது. கால்கள் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து உயிரைப் பறிக்கும் இந்நோய் சென்னை மாகாணம் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. வட சர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் மிகுந்தும், தமிழ் மாவட்டங்களில் அரிதாகவும் காணப்பட்டது. இரு பகுதியினருக்கும் அரிசியே முதன்மை உணவு. ஆனால் வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசியும், தமிழ்ப்பகுதிகளில் பெரும்பாலும் புழுங்கல் அரிசியும் உண்ணப்பட்டன. இவ்வேறுபாட்டை மெக்கரிசனும் நாரிசு என்பவரும் 1924 இல் வெளியிட்ட ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினர்.

இதே வேறுபாடு கடல் கடந்தும் காணப்பட்டிருந்தது. மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்தபோது, தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பியிருந்தனர். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி என்பதை மருத்துவர் பிராடன் 1907 இல் சுட்டினார். நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் (உயிர்ச்சத்து பி1) அரிசியின் உட்பகுதிக்குள் செல்கிறது. பின்னர் தீட்டினாலும் கழுவினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. தமிழ்நாட்டு இல்லங்களில் எவரும் மருந்தென்று கருதிச் செய்யாத ஒரு வேலை பல உயிர்களைக் காத்து வந்திருக்கிறது.

எனினும் உயிர்ச்சத்துக் குறைபாடு ஒன்றே பெரிபெரிக்குக் காரணம் என்பதை ஏற்க மெக்கரிசன் தயங்கினார். பச்சரிசி உண்ணும் எல்லா இடங்களிலும் நோய் இல்லையே என்பது அவருடைய ஐயம். கேள்வி நியாயமானதே. கைக்குத்தல் அரிசியா ஆலை அரிசியா, உடன் உண்ணும் பருப்பு எவ்வளவு, வடித்த கஞ்சி எங்கே போகிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும். தயமின் 1926 இல் படாவியாவில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேதி அமைப்பை 1936 இல் கண்டறிந்த இராபர்ட் வில்லியம்சு நெல்லூரில் பிறந்தவர் என்பது சுவையான செய்தி.

இடையில் 1923 இல் சிக்கன நடவடிக்கையாக அரசு இவ்வாய்வை நிறுத்தியது. 1925 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. 1928 இல் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்னும் பெயர் பெற, மெக்கரிசன் அதன் முதல் இயக்குநரானார்.

எலிகளுக்கு இட்ட உணவு

இவருடைய பெரும்புகழுக்குக் காரணம் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளே. இந்தியாவின் ஏழு பகுதி மக்களின் உணவை ஏழு எலிக் கூட்டங்களுக்கு அளித்து வளர்ச்சியை ஒப்பிட்டார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக்காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை உணவை உண்டவை 155 கிராம் எடையுடன் கடைசியில் நின்றன. மரவள்ளியும் அரிசியும் மிகுந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை உண்டவற்றில் வயிற்றுப்புண் மிகுதியாகத் தோன்றியது. அப்பகுதி மக்களிடமும் அந்நோய் மிகுதியாக இருந்தது.

இவ்வொப்பீட்டின் குறை வெளிப்படையானது. பஞ்சாபிலும் பால் வாங்க இயலாத ஏழைகள் இருந்தனர். சென்னையிலும் நெய்யுண்டவர்கள் இருந்தனர். வறுமையின் விளைவை இனத்தின் உணவுப் பழக்கமாகக் காட்டுவது அக்காலக் குடியேற்ற ஆட்சியாளரின் பார்வைக்கு ஒத்ததாகவே இருந்தது. ஆயினும் நோயின்றி வாழ நல்லுணவு வேண்டும் என்பதை அரசின் கவனத்துக்குக் கொண்டுவர இவ்வாய்வுகள் பெரிதும் உதவின. வேளாண்மை பற்றிய அரச ஆணைக்குழு (1926–1928) முன் மெக்கரிசன் சான்றளித்தார். மாணவர்க்கும் பொதுமக்களுக்குமாக உணவு பற்றிய எளிய நூலொன்றையும் 1928 இல் எழுதினார். கோவையைச் சேர்ந்த வேளாண் வேதியியலாளர் விசுவநாத்துடன் இணைந்து, தொழுவுரமிட்டு விளைந்த சிறுதானியத்தின் சத்து மதிப்பையும் ஆராய்ந்தார் (1926).

பிற்காலம்

1933 இல் சர் பட்டம் பெற்ற மெக்கரிசன் 1935 இல் இந்தியாவை விட்டுச் சென்று ஆக்சுபோர்டில் வாழ்ந்தார். அவருக்குப் பின் குன்னூர்ப் பொறுப்பேற்ற வாலசு அய்க்ராய்டு எலிக்கூண்டிலிருந்து ஊருக்குத் திரும்பினார். தென்னிந்திய ஊர்களில் வீடு வீடாகச் சென்று, குடும்பங்கள் உண்ணும் உணவை எடைபோட்டுக் கணக்கெடுக்கும் ஆய்வுகள் அவர் காலத்தில் நடந்தன. 1940 இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட அறிக்கை, அரிசியை மிகையாகத் தீட்டுவதைத் தவிர்க்கவும் புழுக்கும் முறையை ஊக்குவிக்கவும் பரிந்துரைத்தது. மெக்கரிசன் காட்டிய வரைபட வேறுபாடு அவ்வாறு கொள்கையாயிற்று.

ஆய்வுக்கூடங்கள் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றன.