ஜேம்ஸ் வாட் தொழில் பயின்ற வரலாறு

நீராவி இயந்திரம் என்றவுடன் ஜேம்ஸ் வாட் என்னும் பெயர் நம் நினைவிற்கு வருகின்றது. அடுப்பின்மேல் கொதிக்கும் கெண்டியின் மூடி மேலெழுவதைக் கண்டு, சிறுவனாகிய வாட் நீராவியின் ஆற்றலை உணர்ந்தான் என்னும் கதையை இளமையிற் கேளாதார் நம்முள் இலர். ஆயினும், அப்பெரியார் பிறப்பதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1712-ஆம் ஆண்டில், தாமஸ் நியூகொமன் என்பார் ஆக்கிய நீராவி இயந்திரம் இங்கிலாந்தில் சுரங்கத்து நீரை இறைக்கத் தொடங்கிவிட்டது. வாட் பெற்ற பெரும்புகழ் கெண்டியினின்று எழுந்ததன்று. பழுதுற்ற ஒரு சிறு பொறியைச் செப்பஞ் செய்யப் புகுந்ததனால் விளைந்தது. பொறிகளைப் பழுதுபார்க்கும் தொழிலைப் பயில விரும்பும் இளைஞர் பலர், எக்கல்லூரியிற் சேர்வது, எத்துணை ஆண்டு பயில்வது, எச்சான்றிதழ் பெறுவது என்று மயங்கி நிற்பதை நாம் காண்கின்றோம். அவர்தம் பொருட்டு, வாட் அத்தொழிலைப் பயின்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வாட் 1736-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19-ஆம் நாள், ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள கிரீனக் என்னும் துறைமுகத்திற் பிறந்தார். தந்தையார் மரக்கலத் தச்சராயும், கப்பல்களுக்கு வேண்டும் பொருள்களை விற்கும் வணிகராயும் விளங்கியவர். மாலுமியரின் கருவிகளைச் செப்பஞ் செய்தும் கொடுத்தார். வாட் நோயுற்ற உடலினர். தலைநோய் அவரை அடிக்கடி வருத்தியது. ஆதலின், தொடக்கக் கல்வியைப் பெரும்பாலும் தாயாரிடமே பெற்றார். பின்னர்ப் பள்ளியிற் பயின்றபொழுது கணிதம் அவர்க்கு மிகவும் எளிதாயிற்று. எனினும், அவருடைய முதற் கல்லூரி தந்தையாரின் தொழிற்கூடமே என்னலாம். ஆங்கே தமக்கெனத் தரப்பட்ட சிறு கருவிகளைக் கொண்டு மரத்தையும் உலோகத்தையும் அவர் கையாளப் பழகினார்.

தாயார் இறந்தார்; தந்தையாரின் வணிகமும் நலிந்தது. பதினெட்டு வயதிற் பிழைக்கும் வழி தேட வேண்டியவராய், கணிதக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க விரும்பி, 1754-இல் வாட் கிளாஸ்கோ நகரை அடைந்தார். அந்நகரில் அத்தொழிலை முறையாகக் கற்பிக்க வல்லார் ஒருவரும் அவர்க்குக் கிட்டிலர். பல்கலைக்கழகப் பேராசிரியராகிய இராபர்ட் டிக் என்பார் அவர்தம் திறமையைக் கண்டு, இலண்டனுக்குச் செல்லுமாறு அறிவுரை கூறினார். 1755-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வாட் குதிரையேறிப் புறப்பட்டு, ஏறத்தாழ இரண்டு வாரப் பயணத்தின்பின் இலண்டனை அடைந்தார்.

அங்கேயும் ஒரு தடை நின்றது. அக்காலத்துத் தொழிற்சங்க விதிப்படி, ஏழாண்டுகள் ஓர் ஆசானிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு பணிபுரிந்தாலன்றி ஒருவன் தொழிலாளனாக மதிக்கப்படான். வாட்டோ வயது கடந்தவர், அயலூரர், ஏழாண்டு காத்திருக்கப் பொருளும் இல்லாதவர். பலர் அவரை ஏற்க மறுத்தனர். முடிவில் கார்ன்ஹில் பகுதியிலிருந்த ஜான் மார்கன் என்னும் கருவி செய்வார், 20 கினிக் காசும் ஓராண்டு உழைப்பும் பெற்றுக்கொண்டு கற்பிக்க இசைந்தார். ஏழாண்டுக் கல்வியை ஓராண்டிற் கற்க வாட் துணிந்தார். பகலெல்லாம் பித்தளையை அராவியும், அளவுகோல்களிலும் கோணமளக்கும் கருவிகளிலும் நுண்கோடுகள் வெட்டியும் பழகினார். உணவிற் சிக்கனம் செய்தார். கடற்படைக்கு ஆள் பிடிப்போர் தெருக்களிற் திரிந்தமையால் வெளியே செல்லவும் அஞ்சினார். ஆண்டு முடிவில் தேர்ந்த தொழிலாளர்க்கு நிகராகக் கை திருந்திற்று. ஆனால் உடல் மிக நலிந்தது. 1756-இல் நோயாளியாய் ஊர் திரும்பினார். குறுகிய வழிக்கும் விலை உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்விலை உடலோடு முடிந்திலது. கிளாஸ்கோவிற் கடை வைக்க அவர் முயன்றபொழுது, ஏழாண்டுப் பயிற்சி பெற்றிலர் என்று அந்நகரத்துக் கம்மியர் சங்கத்தார் தடை செய்தனர் என்பது வழிவழி வழங்கும் செய்தி. திறமை கையில் இருந்தும் அதற்குரிய முத்திரை இன்மையால் வாயில் அடைபட்டது. அவ்வேளையிற் பல்கலைக்கழகமே கைகொடுத்தது. ஜமெய்க்காவில் வாழ்ந்த மக்பார்லேன் என்பார் பல்கலைக்கழகத்திற்கு விட்டுச்சென்ற வானநூற் கருவிகளை வாட் முன்னரே துலக்கிச் சீர்செய்து கொடுத்திருந்தார். அப்பணியால் அவரை அறிந்த பேராசிரியர், 1757-இல் தம் வளாகத்துள்ளேயே அவர்க்கு ஓர் அறை அளித்துப் பல்கலைக்கழகக் கருவி செய்வார் என்னும் பெயரும் நல்கினர். அந்த அறைக்கு ஜோசப் பிளாக் என்னும் இரசாயனப் பேராசிரியரும், ஜான் இராபிசன் என்னும் மாணவரும் வருவர். அராவும் ஒலியினூடே அறிவுரையாடல் நிகழும். பட்டம் பெறாத ஒருவர்க்கு இதனினும் சிறந்த கல்லூரி வேறு யாது?

1763-ஆம் ஆண்டின் இறுதிக் குளிர்காலத்தில், ஜான் ஆண்டர்சன் என்னும் பேராசிரியர் தம் வகுப்பிற் காட்டுதற்குரிய நியூகொமன் இயந்திரத்தின் சிற்றுருவை வாட்டிடம் பழுதுபார்க்கக் கொடுத்தார். அதன் உருளை இரண்டு அங்குல விட்டமே உடையது. இலண்டனில் ஒருவர் அதனைச் செப்பஞ் செய்தும் அது செவ்வனே இயங்கவில்லை. வாட் குறைகளை நீக்கினார். பொறி சில முறை அசைந்து பின் நின்றுவிட்டது. கூலிக்குப் பழுதுபார்ப்பவன் இவ்வளவே இதன் இயல்பு என்று கூறித் திருப்பிக் கொடுத்திருப்பான். வாட்டோ, கொதிகலம் போதிய அளவினதாகத் தோன்றவும் நீராவி ஏன் போதவில்லை என்று வினவினார்.

அவ்வினாவின் விடை பொறியின் அமைப்பிலேயே இருந்தது. நியூகொமன் இயந்திரத்தில் உருளை நிறைய நீராவி புகும். பின்னர்க் குளிர்ந்த நீரை உள்ளே தெளிக்க, நீராவி சுருங்கி நீராகும். உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்றின் அழுத்தம் உள்தண்டைக் கீழே தள்ளும். ஒவ்வோர் அசைவிலும் உருளை குளிர்கின்றது. அடுத்த அசைவிற்கு வந்த நீராவியிற் பெரும்பகுதி அதனை மீண்டும் சூடாக்குவதிலேயே கழிகின்றது. வாட் அளந்து பார்த்து, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீராவி வீணாவதைக் கண்டார். சிறிதளவு நீராவி தன் எடையைப்போல் ஆறு மடங்கு நீரைக் கொதிநிலைக்குக் கொணர்வது கண்டு வியந்து பிளாக்கிடம் கூற, அவர் தாம் முன்னரே கண்டறிந்த உள்ளுறை வெப்பத்தின் இயல்பை விளக்கினார். கையறிவும் நூலறிவும் ஒன்றையொன்று சந்தித்த இடம் அது.

1765-ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நகரத்துப் பசும்புல் வெளியில் உலவுகையில் வாட்டிற்கு வழி புலப்பட்டது: உருளையை எப்பொழுதும் வெம்மையாக வைத்து, நீராவியைத் தனியே மற்றொரு கலத்திற் குளிர்வித்தல் வேண்டும். 1769-இல் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஆயினும், கருத்துத் தோன்றியும் பொறி உருவாகப் பத்தாண்டுக்கு மேல் சென்றது. பெரிய உருளையை வட்டம் பிழையாது குடைய வல்ல கைகள் கிட்டாமையே அதற்கு ஒரு பெருங் காரணம். ஜான் வில்கின்சன் 1774-இற் செய்த குடையும் பொறியும், பர்மிங்காமில் மாத்யூ போல்டன் நடத்திய தொழிற்கூடமும் துணைசெய்ய, 1776-இல் வாட்டின் இயந்திரங்கள் தொழிலிற் புகுந்தன. சுரங்க உரிமையாளர், தமக்கு மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றிலொரு பங்கை அவ்விருவர்க்கும் செலுத்தினர். 1800-இல் வாட் ஓய்வு பெற்று, 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். மின்விளக்கில் நாம் காணும் வாட் என்னும் அளவு அவர் பெயரே.

பழுதுற்ற பொறியைக் கொடுத்த ஆண்டர்சனை நாம் மறத்தல் தகாது. மாணவர் அங்கி அணியாத நகரத் தொழிலாளரும் தம் வேலையுடையோடே வந்து கேட்குமாறு அவர் தனி வகுப்பு நடத்தியவர். 1796-இல் இறந்தபொழுது தம் உடைமைகளை ஒரு புதிய கல்விநிலையத்திற்கு எழுதிவைத்தார். அங்கே ஆசிரியராக வந்த ஜார்ஜ் பர்க்பெக், தம் கருவிகளைச் செய்த தொழிலாளரின் அறிவு வேட்கையைக் கண்டு, 1800-இல் அவர்க்குக் கட்டணமின்றிச் சொற்பொழிவுகள் தொடங்கினார். அந்நிலையம் வளர்ந்து 1964-இல் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகம் ஆயிற்று.

ஆதலின், தொழிற்கல்லூரி தேடும் நண்பர்க்கு நாம் கூறுவது இது: முதலில் அதன் பட்டறையுள் நுழைந்து பாருங்கள். பழுதான பொறி ஆங்கே மாணவன் கையிற் கொடுக்கப்படுகின்றதா, அன்றிக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டப்படுகின்றதா என்று காணுங்கள். இது ஏன் நின்றது என்று கேட்கும் மாணவனுக்கு விடைதர அங்கே ஒரு பிளாக் இருக்கின்றாரா என்று வினவுங்கள். சான்றிதழையும் இகழாதீர், அஃதின்மையால் வாட் பட்ட பாட்டை மேலே கண்டோம். ஆனால் சான்றிதழ் வாயிலைத் திறக்குமேயன்றி உள்ளே வேலை செய்யாது. நூலறிவையே பெரிதும் பயிலும் நம்போன்றார்க்கும் இவ்வரலாற்றில் ஒரு கடமை உண்டு. சங்கம் அடைத்த கதவைக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் திறந்திராவிடின், அச்சிறு பொறி பழுதாகவே கிடந்திருக்கும். எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கும் கல்லூரியில் ஓர் அறை ஒழித்துக் கொடுப்பது கற்றோர் கடன் ஆகும்.