ஐ.க்யூ. டெஸ்ட் எதுக்காக வந்தது? ஆல்ஃபிரெட் பினேயின் கதை!

பையனை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கணும். மற்ற குழந்தைகள் அளவுக்கு வேகம் இல்லை. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி போதுமா, சிறப்புப் பள்ளி தேடணுமா? பல வீடுகளில் ராத்தூக்கத்தைக் கெடுக்கும் இந்தக் கேள்வி, 1904-ல் பிரான்ஸ் அரசாங்கத்துக்கே வந்தது. அதற்குப் பதில் தேடியவர்தான் ஆல்ஃபிரெட் பினே. இன்று ஐ.க்யூ. டெஸ்ட் என்றாலே இவர் பெயர்தான் வரும். ஆனா, அந்த டெஸ்ட்டை வைத்து மற்றவர்கள் பின்னாடி செய்த பல விஷயங்கள் அவர் நினைத்ததற்கு நேர் எதிரானவை.

சட்டம் படிச்சவர், சைக்காலஜிக்கு வந்தது எப்படி?

1857-ல் நீஸ் நகரில் பிறந்தார் பினே. அப்பா டாக்டர், அம்மா ஓவியர். இருவரும் பிரிந்துவிட, அம்மாதான் வளர்த்தார். பாரிஸில் சட்டம் படித்து 1878-ல் பட்டம் வாங்கினாலும் அதில் மனசு ஒட்டவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து, சொந்தமாகவே உளவியல் படிக்க ஆரம்பித்தார்.

பிறகு, புகழ்பெற்ற நரம்பியல் டாக்டர் ஷார்கோவிடம் சேர்ந்தார். அங்கே ஹிப்னாடிசம், காந்தம் என்று செய்த பரிசோதனைகள் தப்பு என்று இன்னொரு ஆய்வாளர் நிரூபித்தார். பினே அதைப் பொதுவெளியில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பெரிய அவமானம்தான்.

வீட்டிலேயே ஒரு ஆய்வுக்கூடம்

அடுத்து அவர் கவனம் போனது தன் மகள்கள் மதலேன், ஆலிஸ் மேல. நடை பழகும்போதே ஒருத்தி பிடிமானம் பார்த்து நிதானமாக அடி வைத்தாள். இன்னொருத்தி யோசிக்காமல் சிரித்துக்கொண்டே தள்ளாடி ஓடினாள். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. ஆனாலும் மனசு வேலை செய்யும் விதம் வேற வேற. 1903-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். 'புத்திசாலி', 'மக்கு' என்ற இரண்டு பெட்டிக்குள் குழந்தைகளை அடைக்க முடியாது என்பது அவருக்கு வீட்டிலேயே புரிந்துவிட்டது.

அரசாங்கம் கேட்ட கேள்வி

1880-களின் தொடக்கத்தில், 6 முதல் 13 வயது வரை எல்லாருக்கும் கட்டாய இலவசக் கல்வி என்று பிரான்ஸ் சட்டம் போட்டது. அதனால் எல்லா வகைக் குழந்தைகளும் அரசு ஆரம்பப் பள்ளிக்கு வந்தார்கள். சிலரால் பாடத்தோடு ஓட முடியவில்லை. இவர்களை என்ன செய்வது என்று பார்க்க, 1904-ல் அரசு ஒரு குழு அமைத்தது. பினேயும் அதில் இருந்தார்.

யாருக்குத் தனி வகுப்பு தேவை என்று யார் முடிவு செய்வது? சேட்டை செய்யும் பையனைத் தள்ளிவிட ஆசிரியர் நினைக்கலாம். வெளியே தெரிந்தால் அவமானம் என்று பெற்றோர் மறைக்கலாம். ஒரே குழந்தைக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயர் வைக்கலாம். யாரோ ஒருத்தரோட அபிப்பிராயத்தில் ஒரு குழந்தையின் வாழ்க்கை முடிவாகக் கூடாது என்பதுதான் பினேயின் கவலை.

டெஸ்ட்டில் என்ன இருந்தது?

1905-ல், டாக்டர் தியோடர் சிமோனோடு சேர்ந்து 30 சின்னச் சின்ன சோதனைகளை உருவாக்கினார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது, சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்வது, மூன்று வார்த்தைகளை வைத்து ஒரு வாக்கியம் அமைப்பது என்று எளிதில் தொடங்கிக் கடினமாகிப் போகும். பள்ளிப் பாடத்தை அதில் சேர்க்கவில்லை. சரியாகச் சொல்லித்தரப்படாத குழந்தையை, புரிந்துகொள்ள முடியாத குழந்தை என்று தப்பாக எண்ணிவிடக் கூடாது இல்லையா?

1908-ல் சோதனைகளை வயதுவாரியாகப் பிரித்தார். ஏழு வயதுக் குழந்தை, ஐந்து வயதுக்கான சோதனைகள் வரைதான் செய்கிறது என்றால், அதற்குக் கூடுதல் உதவி வேண்டும். அவ்வளவுதான் அர்த்தம். நீளம், எடை மாதிரி அறிவை அளக்க முடியாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

அறிவை வளர்க்க முடியும் என்றும் நம்பினார். அதற்காக, சிலை மாதிரி அசையாமல் நிற்பது, சில விநாடி காட்டிய படங்களை ஞாபகத்திலிருந்து சொல்வது போன்ற பயிற்சிகளைத் தனி வகுப்புகளில் கொடுக்கச் சொன்னார். பொதுப் பள்ளிகளோடு சேர்ந்தே அப்படிப்பட்ட வகுப்புகள் நடத்த 1909-ல் பிரான்ஸில் சட்டமும் வந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

1911-ல், 54 வயதில் பினே இறந்துபோனார். அதன்பின் டெஸ்ட் வேறு கைகளுக்குப் போனது. மன வயதை உண்மையான வயதால் வகுக்கும் யோசனையை 1912-ல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் சொன்னார். 1916-ல் அமெரிக்காவின் டெர்மன் அதை ஐ.க்யூ. எண்ணாகப் பரப்பினார். பிறவியிலேயே அறிவு தீர்மானமாகிவிடும் என்று நம்பியவர்கள், கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளைக்கூட இந்த டெஸ்ட்டால் தரம் பிரித்தார்கள். உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்க வந்த கருவி, ஆட்களை ஒதுக்கும் கருவியாகிவிட்டது.

இந்தியாவுக்கும் வந்தது. கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக வி.வி.காமத் 1930-களில் மாற்றியமைத்த பினே-காமத் டெஸ்ட், பிறகு நாட்டின் பல இடங்களில் பயன்பாட்டுக்கு வந்தது.

அதனால், உங்கள் குழந்தையின் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்தால், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். டிஸ்லெக்ஸியா இருக்கிற குழந்தைக்கு ஐ.க்யூ. சராசரியாகவோ அதற்கு மேலேயோகூட இருக்கலாம். எதில் சிரமம், என்ன பயிற்சி, அதை இந்தப் பள்ளியில் யார் கொடுப்பார்கள், மறுபடி எப்போது சோதிப்பார்கள் என்று கேளுங்கள். ஸ்கூலைத் தேர்ந்தெடுக்க அந்த எண்ணைவிட இந்தப் பதில்கள்தான் உதவும். பினே டெஸ்ட்டை உருவாக்கியதும் இந்தக் கேள்விகளுக்காகத்தான்.