மெழுகுவத்தி ஏற்றிய மேதை

மைக்கேல் பாரடே என்ற பெயரைக் கேள்விப்படாத அறிவியல் மாணவர் எவரும் நம் கல்லூரியில் இருக்க முடியாது. மின்காந்தத் தூண்டல் விதிக்கு முன்னாலும் மின்பகுப்பு விதிகளுக்கு முன்னாலும் அவர் பெயர்தான் நிற்கிறது. மின்தேக்குத் திறனை அளக்கும் அலகும் அவர் பெயரின் சுருக்கமே. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் தாம் கண்டதைப் பிறருக்கு விளங்கச் சொல்வதையே வாழ்வின் மறுபாதியாகக் கொண்டவர் அவர் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. அந்த மறுபாதியைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். கலைப் பிரிவு நண்பர்களும் அஞ்சாமல் படிக்கலாம். இதில் ஒரு சூத்திரமும் வராது.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். அடிக்கடி நோயில் விழுபவர். நான்கு பிள்ளைகளில் மைக்கேல் மூன்றாமவர். 1801-இல் தானிய விலை ஏறியபோது ஒரு ரொட்டியை அவர் கையில் கொடுத்து, அதை ஒரு வாரத்திற்கு வைத்துக்கொள்ளும்படி வீட்டில் சொன்னார்களாம். ஒன்பது வயதுப் பிள்ளை அதை எப்படிப் பங்கு பிரித்திருப்பான் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. பள்ளிப் படிப்பு எழுதவும், படிக்கவும், கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு முடிந்தது.

பதின்மூன்றாம் வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்நாளில் செய்தித்தாளை விலை கொடுத்து வாங்க எல்லாராலும் இயலாது. ஆகவே கடைக்காரர் அதை வாடகைக்கு விடுவார். ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் திரும்ப வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது பாரடேயின் வேலை. அடுத்த ஆண்டே ரீபோ பணம் எதுவும் பெறாமல் ஏழாண்டுக் காலத்திற்கு அவரைப் புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளராக்கிக் கொண்டார். நல்ல மனிதர்! கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் பையன் படிப்பதையும் அவர் தடுக்கவில்லை.

அப்படிக் கைக்கு வந்தவற்றுள் இரண்டு நூல்கள் அவர் வாழ்வின் திசையை மாற்றின. ஒன்று பிரிட்டானிகா கலைக்களஞ்சியம். அதில் மின்சாரம் பற்றிய கட்டுரை. மற்றொன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி 1806-இல் தம் பெயரைப் போடாமலே வெளியிட்ட வேதியியல் உரையாடல் நூல். மார்செட் அம்மையார் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டவர். முறையாக அறிவியல் பயிலாத பெண்களுக்கும் அது விளங்க வேண்டும் என்று ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் பேசிக்கொள்வதுபோல் அந்நூலை எழுதினார். பெண்களுக்காக எழுதியது ஒரு புத்தகத் தொழிலாளிப் பையனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது! அதில் சொன்னவற்றைத் தம் கைக்காசில் வாங்கிய பொருள்களைக் கொண்டு செய்து பார்த்து, உண்மை என்று கண்ட பிறகே அவர் நம்பினார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற போதும் தம் ஆய்வுக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு அனுப்பி வந்தார் என்பதைப் படிக்கையில் நெஞ்சம் நெகிழ்கிறது.

1810-இல் டேட்டம் என்பவர் தம் வீட்டில் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போகத் தொடங்கினார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் கொல்லுப் பட்டறையில் உழைத்த அண்ணன் ராபர்ட். படிக்கும் தம்பிக்காகப் பட்டறையில் நிற்கும் அண்ணனை நம்மில் பலருக்கு நன்றாகத் தெரியும்.

1812-இல் ரீபோவின் கடைக்கு வந்த டான்ஸ் என்ற வாடிக்கையாளர், பாரடேயின் ஆர்வத்தைக் கண்டு டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டு வாங்கித் தந்தார். மொத்தம் நான்கு சொற்பொழிவுகள். மாடத்தில் அமர்ந்து கேட்ட இருபது வயது இளைஞர், கடைசிச் சொல் வரை குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து விரித்து எழுதினார். கருவிகளைப் படமாக வரைந்தார். தம் கையாலேயே அழகாகக் கட்டினார். ராயல் சொசைட்டியின் தலைவருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை. டேவிக்குக் கடிதத்தோடு அந்தப் புத்தகத்தையும் சேர்த்து அனுப்பினார். டேவி அழைத்துப் பேசினார். ஆய்வகத்தில் இருந்த உதவியாளர் சச்சரவில் ஈடுபட்டு வேலையை இழக்கவே, 1813 மார்ச் 1-ஆம் நாள் அந்த இடம் பாரடேக்குக் கிடைத்தது. கூடவே மாடியில் இரண்டு அறைகளும்.

அவ்வாண்டு அக்டோபரில் டேவியோடு ஐரோப்பியப் பயணம். வேலையாள் ஒருவர் வர மறுத்துவிட்டதால் அந்த வேலையும் பாரடேயின் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை ஏவலாளாகவே நடத்தினார். பாரிசில் ஆம்பியரையும் இத்தாலியில் வோல்டாவையும் நேரில் கண்டதற்காக அந்த அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டார் போலும்.

இனி நான் வியக்கும் பகுதிக்கு வருகிறேன். பிறவிப் பேச்சாளர் என்று பாரடேயைப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று; பேசக் கற்றுக்கொண்டவர் அவர். உதவியாளராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே, சொற்பொழிவு எப்படி இருக்க வேண்டும் என்று அபட் என்ற நண்பருக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். அரங்கில் காற்றோட்டம் வேண்டும், கேட்போரை மதிக்க வேண்டும், ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசலாகாது என்றெல்லாம் அவற்றில் ஆராய்கிறார். (நம் பேராசிரியப் பெருமக்கள் இவ்வரிகளை என் குறும்பாகக் கொள்ள வேண்டாம், எழுதியவர் பாரடே!) ஸ்மார்ட் என்ற ஆசிரியரிடம் பணம் கொடுத்துப் பேச்சுப் பயிற்சி பெற்றார். வேகமாகப் பேசும் பழக்கத்தைத் தடுக்க, மெதுவாக என்று எழுதிய அட்டை ஒன்றை உதவியாளர் அவர் கண்முன் வைப்பாராம். நேரம் முடியும் தறுவாயில் வேறோர் அட்டை.

1825-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வகத்தின் இயக்குநரானார். அதையொட்டியே வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளும், இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளும் அங்குத் தொடங்கின. வெள்ளி மேடையில் நூறு முறைக்கு மேல் பேசினார். கிறிஸ்துமஸ் வரிசைகளை 1827 முதல் 1860 வரை 19 முறை நடத்தினார். இவற்றுக்கு இடையேதான் 1831 ஆகஸ்டு 29-இல் இரும்பு வளையத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி மின்தூண்டலைக் கண்டார். அக்டோபரில் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் மின்னோட்டம் உண்டாக்கினார். இன்றைய மின்னாக்கிகள் எல்லாம் அதன் வழி வந்தவையே. இதை நம் வகுப்பிலேயே படிப்பதால் விரிக்கவில்லை.

மேடையில் அவர் செய்து காட்டியவை வேறு வகை. காந்தத்தைப் பற்றிப் பேசுகையில் ஒருமுறை நிலக்கரி நிறைந்த இரும்புக் கூடையையும், அடுப்புக் கோலையும், இடுக்கியையும் பெரிய மின்காந்தத்தின் மேல் ஒவ்வொன்றாக வீசினாராம். அவை அங்கேயே ஒட்டிக்கொண்டன. பிள்ளைகள் அதை மறந்திருப்பார்களா? 1836-இல் அதே அரங்கில் 12 அடி நீள, அகல, உயரமுள்ள அறை ஒன்றைக் கட்டி, வெளிப்புறம் உலோகம் வேய்ந்து, வெளியே மின்பொறிகள் தெறிக்கத் தாம் உள்ளே போய் அமர்ந்தார். உள்ளே வைத்த கருவிகளில் மின்னூட்டத்தின் சுவடே இல்லை.

1853-இல் மேசை சுழற்றுதல் என்ற பித்து லண்டனைப் பிடித்திருந்தது. பலர் மேசையைச் சுற்றி அமர்ந்து கை வைத்தால் ஆவி வந்து அதை நகர்த்தும் என்பது நம்பிக்கை. பாரடே ஏளனம் செய்யவில்லை. கைக்கும் மேசைக்கும் இடையே அட்டைகளை அடுக்கி, அவை எந்தப் பக்கம் நழுவின என்று பார்த்தார். கைதான் முதலில் நகர்ந்தது, மேசை பின்தொடர்ந்தது. கை தள்ளுவதைக் காட்டும் ஒரு முள்ளையும் பொருத்தினார். அமர்ந்தவர்கள் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மேசை அசையவே இல்லை! அவர்கள் ஏமாற்றவில்லை, தம்மை அறியாமல் தள்ளினார்கள் என்பதைப் பத்திரிகையில் எழுதி விளக்கினார். அந்தப் பண்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மெழுகுவத்திக்கு வருவோம். 1848-இலும், மீண்டும் 1860-61-இலும் ஆறு சொற்பொழிவுகளை ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்து நடத்தினார். இரண்டாம் முறை அவருக்கு வயது 69. கடலில் மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்ற கப்பலிலிருந்து எடுத்த மெழுகுவத்தி ஒன்றைக் காட்டினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உப்புநீரில் கிடந்தும் அது ஒழுங்காக எரிந்தது. சுடரைச் சுற்றி மேலேறும் காற்று மெழுகின் விளிம்பைக் குளிர்வித்து, நடுவே ஒரு கிண்ணத்தை உண்டாக்குவதைக் காட்டினார். சுடருக்கு மேல் பனிக்கட்டியும் உப்பும் வைத்த பாத்திரத்தைப் பிடித்து, நெருப்பிலிருந்து நீர் சொட்டுவதைக் காட்டினார். இறுதியில் நாம் விடும் மூச்சும் மெழுகுவத்தி விடும் காற்றும் சுண்ணாம்புத் தெளிநீரை ஒரேபோல் பால் நிறமாக்குவதைக் காட்டி, நம் உடலினுள்ளும் அப்படியொரு மெதுவான எரிதல் நடக்கிறது என்று முடித்தார்.

அவற்றுள் ஒன்றை நான் வீட்டில் செய்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தாய் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்பவர். அங்கே என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்கும்போதெல்லாம் இயற்பியல் என்ற சொல்லுக்கு மேல் எனக்குப் பதில் இருந்ததில்லை. மின்சாரம் போன ஓர் இரவு, வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவே இருண்ட பகுதியில் வைத்து, மறுமுனையில் வெளிவந்த வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினேன். அங்கே இன்னொரு சிறு சுடர் பிடித்தது. எரிவது மெழுகின் ஆவிதான் என்று சொன்னேன். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, அதனால்தான் குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன் மெழுகில் தோய்க்கிறார்கள் என்றார். மெழுகு ஏறாத குச்சியில் மருந்து மட்டும் சீறி அணைந்துவிடுமாம். பல ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருந்த அந்தச் செய்தி எனக்குத் தெரியாது. அன்று இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கு ஏழைகளின் அரங்கு அன்று. வெள்ளிக்கிழமைகளில் வந்தவர்கள் உறுப்பினர்களும் அவர்களின் விருந்தினரும். கிறிஸ்துமஸ் காலத்தில் வந்தவர்கள் கட்டணம் செலுத்த வல்லவர்களின் பிள்ளைகள். 1855-இல் இளவரசர்களே வந்து அமர்ந்தார்கள். யாரோ ஒருவர் சீட்டுக் கொடுக்காவிட்டால் பாரடேயே அங்கு நுழைந்திருக்க மாட்டார். ஆனால் அச்சு அந்தக் கதவைத் திறந்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1850-இல் பாரடேயின் குறிப்புகளைக் கேட்டு வாங்கித் தம் இதழில் மெழுகுவத்திக் கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் முறை பேசியவற்றை வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861-இல் நூலாக்கினார். மார்செட் அம்மையாரின் நூல் பாரடேக்குச் செய்ததை இந்நூல் வேறு எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்தது.

பாரடேக்கு உயர் கணிதம் தெரியாது. கணக்கில் தடுமாறும் நண்பர்கள் இதைச் சொல்லி ஆறுதல் அடைவதுண்டு. அவர் கணிதத்துக்கு ஈடாக எத்தனை ஆயிரம் சோதனைகளைச் செய்து குறித்து வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1846 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்ஸ்டனின் கருவி பற்றிப் பேசி முடித்த பின் நேரம் மீந்தது. ஒளி என்பது விசைக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாமோ என்று மனத்தில் இருந்த எண்ணத்தை அன்று வெளியிட்டார். பல அறிஞர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1860-களில் மாக்ஸ்வெல் அந்த எண்ணத்திற்குக் கணித உருவம் தந்தபோதுதான் அதன் ஆழம் தெரிந்தது.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் ஏற்கவில்லை. நினைவாற்றல் குறைந்து வந்ததால் 1861-இல் பிள்ளைகளுக்குப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். 1862 ஜூன் 20-இல் சீமென்சின் வாயு உலை பற்றிப் பேசியதே கடைசி வெள்ளிச் சொற்பொழிவு. விக்டோரியா அரசியார் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த வீட்டில் மனைவி சாராவுடன் வாழ்ந்து, 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தபடியே காலமானார். நியூட்டன் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்படவில்லை. ஹைகேட் இடுகாட்டில் எளிய கல் ஒன்றின் கீழ் இருக்கிறார். அவர் தொடங்கி வளர்த்த கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்றன. பிறகு மீண்டும் தொடங்கின. 1966 முதல் தொலைக்காட்சியிலும் வரத் தொடங்கியதால், அவற்றைப் பார்க்க அந்த அரங்கின் நுழைவுச் சீட்டு தேவைப்படவில்லை.