பூவின் கோலத்தில் ஒளிந்திருந்த நோய்

படப்பையில் வீட்டுக் கொல்லையில் வெண்டை போட்டவர் அனைவரும் இதைக் கண்டிருப்போம். பச்சை இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகி, வலை பின்னியது போலத் தோன்றும். பார்வைக்கு அழகுதான், ஆனால் அச்செடி பிறகு சரியாகக் காய்ப்பதில்லை. அது மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் வைரஸ் நோய். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்கிறது. இவ்வாறு அழகுக்குள் நோய் மறைந்திருப்பதை ஒரு பூச்செடியில் மெய்ப்பித்துக் காட்டியவர் டாரதி கெய்லி அம்மையார்.

அம்மையார் 1874-ஆம் ஆண்டு நம் அண்டை நாடான இலங்கையில் பிறந்தார். தந்தையார் ரிச்சர்ட் கெய்லி அங்கே தலைமை நீதிபதியாக இருந்தவர். பின்னர் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. அக்காலத்தில் பெண்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் பெறுவது அரிது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1948 வரை பெண்களுக்கு முழுப் பட்டமே வழங்கவில்லை என்றால் நிலைமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் அம்மையார் தளரவில்லை. லண்டனை அடுத்த மெர்ட்டனில் 1910-இல் தொடங்கப்பட்ட ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் சேர்ந்தார். அதன் தலைவர் வில்லியம் பேட்சன் பெண்களுக்கும் ஆராய்ச்சியில் இடமளித்தவர். அங்கே அம்மையார் பூஞ்சைகளையும் செடி நோய்களையும் ஆராய்ந்தார்.

அவரது புகழுக்குக் காரணமான மலர் ட்யூலிப். அது நம் ஊர் வெயில் தாங்காத குளிர்நாட்டுப் பூ. வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது. ஒரே நிறத்தில் பூத்து வந்த செடி, ஓராண்டு திடீரென்று தீச்சுடர் போன்ற கோடுகளுடன் பூக்கும். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து மக்கள் இக்கோடுகளில் மயங்கினர். ஒரு கிழங்கு ஒரு வீட்டின் விலைக்குப் பேசப்பட்டது! 1637 பிப்ரவரியில் விலை சரிந்தது. பூவின் புதிர் மட்டும் அவிழவில்லை. கோடு விழுந்த செடி ஆண்டுக்காண்டு மெலிந்து, கிழங்கு சிறுத்துப்போவதைத் தோட்டக்காரர்கள் அறிந்திருந்தார்கள். காரணம்தான் தெரியவில்லை. மண்ணை மாற்றினார்கள், உரத்தை மாற்றினார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

அம்மையார் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். கோடு விழுந்த செடியின் கிழங்கில் பாதியையும், ஒரே நிறத்தில் பூக்கும் செடியின் கிழங்கில் பாதியையும் ஒட்டுப்போட்டு நட்டார். பூக்கும் பருவம் வரை பொறுத்திருந்தார். ஒரே நிறமாய்ப் பூக்க வேண்டியவற்றிலும் கோடுகள் தோன்றின! ஆகவே இது மண்ணின் குணமன்று, தொற்றும் நோய் என்பது விளங்கிற்று. இம்முடிவு 1928-இல் வெளியாயிற்று. வைரஸைக் கண்ணால் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி அன்று இல்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். காணாத ஒன்றை அதன் செயலால் அறிந்துகொண்டார் அவர்.

இந்த வைரஸ் இதழில் நிறப்பொருள் சீராகப் பரவாமல் தடுக்கிறது. அடியிலுள்ள வெண்மையோ மஞ்சளோ கோடாகத் தெரிகிறது. அசுவினிப் பூச்சிகளே இதைப் பரப்புகின்றன என்பதும் பின்னர் உறுதியாயிற்று. அன்று பெருவிலை பெற்ற பழைய வகைகள் பல நோயால் நலிந்து அழிந்துபோயின. இன்று கடைகளில் விற்கும் கோடிட்ட ட்யூலிப்புகள் பெரும்பாலும் நோயின்றி, இனக்கலப்பால் உருவாக்கப்பட்டவை.

1938-இல் ஓய்வு பெற்ற அம்மையார் 1955-இல் மறைந்தார்.

தோழியரே, நம் தோட்டத்துக் குரோட்டன்ஸ் இலையின் பல வண்ணம் அதன் பிறவிக் குணம். கல்வாழை இலையில் வெளிறிய கோடுகள் விழுந்தாலோ, அது வைரஸ் நோயாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்த்தவுடன் பிரித்தறிவது எளிதன்று. ஐயமுள்ள செடியிலிருந்து கிழங்கெடுத்து வேறிடத்தில் நடாதிருப்போம். அசுவினி மொய்க்கிறதா என்று இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்போம். அழகைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல் ஏன் என்றும் கேட்போம். அவ்வாறு கேட்கும் அறிவையும் விடை வரும்வரை காத்திருக்கும் பொறுமையையும் இறைவன் நமக்கு அருள்வாராக.