கேட்கப்பட்ட பத்திரிகை: அயோத்திதாசரும் 'தமிழன்' இதழும்

ஒரகடம் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராக உள்ள இளைஞர்கள் சிலருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் அயோத்திதாசப் பண்டிதரின் கட்டுரைகளை வாசித்து வருகிறோம். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். இது புதிய முறையன்று. அக்கட்டுரைகள் வெளிவந்த காலத்திலேயே பலர் அவற்றைச் செவிவழியாகத்தான் அறிந்தனர்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே பின்னர் தம் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவம் அவரது தொழில். 1891 டிசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். கல்வி, அரசுப் பணி, பொதுக் கிணறு ஆகியவற்றோடு, சிறையில் பறையர்களுக்கு இழிவான வேலைகளை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. சிறை விதிகளிலுள்ள சாதிவழி வேலைப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில். இடையே ஏறத்தாழ 133 ஆண்டுகள். அவற்றில் 74 ஆண்டுகள் நம் அரசமைப்புச் சட்டமே நடைமுறையில் இருந்தது! சட்டக் கல்லூரியில் இத்தீர்மானத்தை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையே பெயராயிற்று, ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று. சுதேசி இயக்கத்தின் மீதான விமர்சனம், திருக்குறளுக்குப் புத்துரை, பௌத்தரின் வீழ்ச்சியைக் கூறும் 'இந்திரர் தேச சரித்திரம்' என அரசியலும் இலக்கியமும் வரலாறும் அதில் வாரந்தோறும் வெளிவந்தன. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அவ்விதழைத் தாங்கினர். எழுத்தறியாதவர்களுக்குச் சங்கக் கூட்டங்களில் அது வாசித்துக் காட்டப்பட்டது. இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் குடியேறிய தமிழரிடமும் சென்றது.

1914 மே 5 அன்று அவர் மறைந்தார். அவருக்குப் பின்னும் இதழைச் சிலர் தொடர்ந்து நடத்தினர். ஆயினும் பொதுவெளி அவரை மறந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த பெருந்தொகுதிகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே கல்விப்புலம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அருந்ததியரை அவர் தம் பூர்வ பௌத்த வரலாற்றுக்கு வெளியே நிறுத்தினார். அருந்ததியர் சிந்தனையாளர்கள் இதைக் கண்டித்துள்ளனர், அக்கண்டனம் நியாயமானதே. அப்பகுதியை வாசித்த அன்று எங்கள் கூட்டத்தில் வாசிப்பு பாதியில் நின்றது. எஞ்சிய பொழுது முழுவதும் விவாதத்திலேயே கழிந்தது.