சர்வர் படுத்தாலும் வேலை நிற்காது... வழிகாட்டிய ஜிம் கிரே யார்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார், லாரி, பைக் தயாரிக்கும் நவீன ஆலைகளில், எந்த வண்டிக்கு எந்த பாகம் போகணும் என்று சொல்வது டேட்டாபேஸ்தான். அது படுத்தால் லைனும் நின்றுவிடும். அதனால்தான் பல சர்வர்களைச் சேர்த்து 'கிளஸ்டர்' அமைக்கிறார்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்பது 'ஃபெயில்ஓவர்'. இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஜிம் கிரே.

யார் இவர்?

1944-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1969-ல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்து ஐபிஎம்.

உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. நண்பர் கணக்கில் ஏறுவதற்குள் சர்வர் நின்றால் என்ன ஆகும்? இரண்டும் நடக்கணும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. இந்த 'டிரான்சாக்‌ஷன்' முறையைச் செதுக்கியதில் கிரேவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1998-ம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் அதே ஐபிஎம்மில், சென்னை ஐஐடியில் படித்த சி.மோகன், பாதியில் நின்ற டேட்டாபேஸை மீட்கும் 'ஏரீஸ்' முறையைக் குழுவினருடன் உருவாக்கி 1992-ல் வெளியிட்டார்.

ஃபெயில்ஓவர் எப்படி நடக்கிறது?

1980-ல் கிரே டேன்டம் நிறுவனத்துக்குப் போனார். நிற்காமல் ஓடும் கணினிகள்தான் அவர்கள் சரக்கு. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜோடி. ஒன்று வேலை பார்க்கும். மற்றது அதன் நிலையை அவ்வப்போது வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். கணினிகள் தாங்கள் இயங்குவதாக ஒன்றுக்கொன்று சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். சிக்னல் வரலையா? காத்திருந்தது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அப்புறமும் ஏன் நிற்கிறது?

வாடிக்கையாளர்களிடம் டேன்டம் கணினிகள் ஏன் நின்றன என்று கிரே கணக்கெடுத்து 1985-ல் வெளியிட்டார். ஹார்டுவேர் கோளாறு வெறும் 18%. இயக்குவது, பராமரிப்பது, செட்டிங் மாற்றுவது போன்ற நிர்வாக வேலைகளால் வந்தது 42%. அதாவது, கூடுதல் சர்வர் வாங்கினால் மட்டும் போதாது. மனிதர் கை வைக்க வேண்டிய இடங்களைக் குறைக்கணும்.

இன்று இதைக் கற்பவர்களுக்கும் அதுதான் முதல் பாடம். டெஸ்ட் செட்டப்பில் முதன்மை சர்வரை நீங்களே நிறுத்திப் பாருங்கள். எத்தனை விநாடியில் அடுத்தது எழுகிறது, கடைசி என்ட்ரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே நெட்வொர்க்கைத் துண்டித்தும் பாருங்கள். இரண்டுமே தன்னை முதன்மையாக நினைத்தால் டேட்டா குழம்பிவிடும். கிளஸ்டரில் மூன்றாவதாக ஒன்றை வைப்பது, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று முடிவுசெய்யத்தான்.

கடலில் மாயம்

2007 ஜனவரி 28. தாயின் அஸ்தியைக் கரைக்கத் தனியாகப் பாய்மரப் படகில் போன கிரே திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அலசினார்கள். படகு கிடைக்கவே இல்லை. 2012-ல் அவர் இறந்ததாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

ஆலையில் இன்று ஒரு சர்வர் விழுந்தும் ஷிஃப்ட் நிற்காமல் ஓடினால், அதில் அவர் உழைப்பும் கொஞ்சம் இருக்கிறது.