இசையால் எழுந்த மருத்துவமனை

ஐரோப்பியப் பேராலயங்களில் காணப்படும் இசைக்கருவிகளுள் மிகப் பெரியது ஆர்கன். ஒரு பெரிய ஆர்கனில் ஆயிரக்கணக்கான குழாய்கள் இருக்கும். சில குழாய்கள் பென்சில் அளவே இருக்கும். சில மாடிவீட்டின் உயரத்திற்கு நிற்கும். துருத்தி அனுப்பும் காற்று இக்குழாய்களில் புகும்போது ஓசை பிறக்கும். இசைப்பவர் இரு கைகளாலும் விசைகளை அழுத்துவார். இரு கால்களாலும் மிதிகட்டைகளை மிதிப்பார். பல ஆலயங்களில் இக்கருவி கேட்போருக்குப் பின்னால், உயரமான மாடத்தில் அமைந்திருக்கும். அதனால் இசைப்பவரின் முகத்தை அவர்கள் காண்பதில்லை. கல்தூண்களுக்கிடையே பரவிவரும் இசையை மட்டுமே கேட்பார்கள்.

அவ்வாறு முகம் காட்டாமல் இசைத்து, அதனால் கிடைத்த பணத்தைக் கொண்டு ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு மருத்துவமனையை நடத்தியவர் டாக்டர் ஆல்பர்ட் சுவைட்சர்.

சுவைட்சர் 1875ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கைசர்ஸ்பெர்க் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் அல்சாஸ் மாநிலத்தில் உள்ளது. இன்று பிரான்சின் பகுதியாக உள்ள அல்சாஸ் அக்காலத்தில் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தை ஒரு போதகர். குன்ஸ்பாக் என்னும் சிற்றூரில் அவருக்குப் பணி கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது.

இசைக்கலைஞராவதற்கு முன்பே சுவைட்சர் இசையில் தோய்ந்து கேட்பவராக இருந்தார். தொடக்கப்பள்ளியில் படித்தபோது ஒருநாள், மூத்த மாணவர்கள் இரு குரல்களில் இணைந்து பாடுவதை வகுப்பறை வாசலில் நின்று கேட்டார். அந்த இனிமையில் அவருக்குத் தலை சுற்றியது. கீழே விழாமலிருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வயதில் பியானோவும் எட்டு வயதில் ஆர்கனும் கற்கத் தொடங்கினார். அப்போது அவருடைய கால்கள் மிதிகட்டைகளை எட்டுவதே அரிதாக இருந்தது. ஆயினும், ஒன்பது வயதிலேயே ஊர்த் தேவாலய வழிபாட்டில் ஆர்கன் வாசிப்பவருக்குப் பதிலாக அவர் வாசித்தார்.

1893ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், பாரிஸ் நகரின் புகழ்பெற்ற ஆர்கன் மேதை விதோரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஒருமுறை அந்த ஆசிரியருக்கே மாணவர் விளக்கம் தர நேர்ந்தது. ஜெர்மானிய இசைமேதை யொஹான் செபாஸ்தியன் பாக், தேவாலயப் பாடல்களை அடிப்படையாகக் கொண்டு பல ஆர்கன் இசைப்படைப்புகளை இயற்றியிருந்தார். அவற்றில் சில இடங்கள் விதோருக்குப் புதிராக இருந்தன. அப்பாடல்களின் சொற்களைத் தெரிந்துகொண்டால் இசையும் விளங்கும் என்று சுவைட்சர் எடுத்துரைத்தார். பாடலில் துயரம் வரும் இடத்தில் இசையும் தளரும். மகிழ்ச்சி வரும் இடத்தில் இசையும் துள்ளும். கீர்த்தனையின் பொருள் தெரிந்தவர் அதன் இராகத்தை மேலும் சுவைப்பதைப் போன்றது இது.

இந்த விளக்கத்தை எழுதித் தருமாறு விதோர் கேட்டுக்கொண்டார். அது சிறு கட்டுரையாக நின்றுவிடவில்லை. 1905ஆம் ஆண்டில் 455 பக்கங்கள் கொண்ட பிரெஞ்சு நூலாக வெளிவந்தது. 1908ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழியில் விரிவாக எழுதியபோது அது 844 பக்கங்களாக வளர்ந்தது. இசையை எவ்வாறு கேட்டுச் சுவைப்பது என்பதை அந்நூல் பலருக்கும் கற்பித்தது.

மக்கள் கேட்கும் ஓசை தெளிவாக இருக்க வேண்டும் என்பதிலும் அவர் அக்கறை கொண்டிருந்தார். அக்காலத்தில் பல ஊர்களில் பழைய ஆர்கன்களைக் கழற்றி எறிந்துவிட்டு, தொழிற்சாலைகளில் செய்த புதிய ஆர்கன்களைப் பொருத்தினார்கள். புதியவை உரக்க ஒலித்தன; ஆனால், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒன்றோடொன்று கலந்து குழம்பின. பழையவற்றில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே தெளிவாகக் கேட்டது. இதை விளக்கி 1906ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பழைய ஆர்கன்களைக் காக்க வேண்டிப் பல ஊர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். ஸ்ட்ராஸ்பர்க் நகரின் புனித தோமா ஆலயத்தில், சில்பர்மான் என்னும் கைவினைஞர் 1741ஆம் ஆண்டில் உருவாக்கிய ஆர்கன் அவருடைய முயற்சியால் காப்பாற்றப்பட்டது.

முப்பது வயதை நெருங்கியபோது சுவைட்சர் எல்லாச் சிறப்பும் பெற்றிருந்தார். தத்துவத்தில் முனைவர் பட்டமும் இறையியலில் உயர்பட்டமும் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்தார். அவருடைய ஆர்கன் இசையைக் கேட்கப் பல நகரங்களில் மக்கள் கூடினர். ஆனால், இருபத்தொரு வயதிலேயே அவர் தமக்குள் ஓர் உறுதி எடுத்திருந்தார். முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது. அதன்பின் மக்களுக்கு நேரடியாகத் தொண்டு செய்வது என்பதே அவ்வுறுதி. 1904ஆம் ஆண்டில், காபோன் நாட்டில் தொண்டு செய்யப் போதிய ஆட்கள் இல்லை என்பதை ஓர் இதழில் படித்தார். மருத்துவராகி அங்கே செல்ல முடிவு செய்தார்.

நண்பர்கள் திகைத்தனர். கலையையும் கல்வியையும் வீணாக்குவதாகப் பலர் கடிந்துகொண்டனர். ஆப்பிரிக்காவுக்கு நிதி திரட்ட ஐரோப்பாவில் சொற்பொழிவாற்றினாலே போதாதா என்று கேட்டவர்களும் உண்டு. அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. 1905ஆம் ஆண்டில் மருத்துவ மாணவரானார். பகலில் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை சமயவுரை, இரவில் எழுத்து, இடையிடையே ஆர்கன் இசைநிகழ்ச்சி என ஆண்டுகள் கழிந்தன. மருத்துவத் தேர்வுக்கான கட்டணத்தையும் மியூனிக் நகரில் ஆர்கன் வாசித்துப் பெற்ற பணத்திலிருந்தே செலுத்தினார்.

மருந்துகளும் கருவிகளும் வாங்கப் பணம் தேவைப்பட்டது. நண்பர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டினார். பாரிஸ் நகரின் பாக் சங்கம் அவருக்காக இசைநிகழ்ச்சி நடத்தி நிதி அளித்தது. அச்சங்கம் அவருக்கு மற்றொரு பரிசையும் தந்தது. அது ஆர்கனில் உள்ளவை போன்ற மிதிகட்டைகள் பொருத்தப்பட்ட பியானோ. வெப்பநாட்டின் ஈரத்தையும் கறையானையும் தாங்குமாறு அது சிறப்பாகச் செய்யப்பட்டிருந்தது.

1913ஆம் ஆண்டில் சுவைட்சரும் தாதியாகப் பயிற்சி பெற்ற அவருடைய மனைவி எலேனாவும் காபோன் சென்றனர். ஒகோவே ஆற்றங்கரையில் உள்ள லம்பரேனே அவர்களின் ஊராயிற்று. பியானோவும் பெருமரத்தைக் குடைந்து செய்த படகில் அங்கு வந்து சேர்ந்தது. மருத்துவமனைக் கட்டடம் இல்லாததால், சன்னல் இல்லாத பழைய கோழிக்கூடு ஒன்றைச் சுத்தம் செய்து அதில் நோயாளிகளைப் பார்த்தார். மலேரியா, தொழுநோய், உறக்கநோய், வயிற்றுக்கடுப்பு என நோய்கள் பலவாக இருந்தன. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 பேருக்கு மருத்துவம் செய்தார்.

காட்டுக்குச் செல்லும்போது இசைக்கலையைத் துறக்க வேண்டியிருக்கும் என்றே அவர் எண்ணியிருந்தார். ஆனால், மாலை வேளைகளில் அந்தப் பியானோவின் முன் அமர்ந்தபோது அவ்வெண்ணம் மாறியது. தனிமையில் கிடைத்த நேரத்தில் ஒவ்வொரு படைப்பையும் நுணுகிக் கற்று மனப்பாடம் செய்தார்.

1914ஆம் ஆண்டில் முதலாம் உலகப் போர் மூண்டது. காபோன் அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. சுவைட்சர் தம்பதியர் ஜெர்மானியக் குடிமக்கள் என்பதால் காவலில் வைக்கப்பட்டனர். 1917ஆம் ஆண்டில் பிரான்சில் இருந்த சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே இசைக்கருவி இல்லை. அவர் மேசையை விசைப்பலகையாகவும் தரையை மிதிகட்டைகளாகவும் எண்ணி ஓசையின்றிப் பயிற்சி செய்தார்.

1918ஆம் ஆண்டில் விடுதலையாகி ஊர் திரும்பியபோது அவர் உடல் நலிந்திருந்தது. மருத்துவமனையை நடத்துவதற்காக வாங்கிய கடனும் தலைக்குமேல் இருந்தது. லம்பரேனேக்கு மீண்டும் செல்ல இயலுமா என்பதே ஐயமாக இருந்தது.

இந்நிலையில், 1920ஆம் ஆண்டில் சுவீடனின் பேராயர் நாதன் சோடர்புளோம், உப்சாலா பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற அவரை அழைத்தார். சுவைட்சரின் கடன் சுமையை அறிந்த பேராயர், சுவீடன் முழுவதும் சென்று சொற்பொழிவும் ஆர்கன் இசையும் வழங்குமாறு யோசனை கூறினார். சுவைட்சர் ஊர் ஊராகச் சென்றார். லம்பரேனே நோயாளிகளைப் பற்றி அவர் பேசியபோது மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அவர் ஆர்கன் முன் அமர்ந்தபோது மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை. அந்நாட்டின் பழைய ஆர்கன்களின் தெளிவான ஓசை அவர் விரும்பிய வண்ணம் ஒலித்தது. கேட்டவர்கள் மனமுவந்து பணம் அளித்தனர். சில வாரங்களிலேயே மிக அவசரமான கடன்களை அடைக்கும் அளவுக்குப் பணம் சேர்ந்தது. மீண்டும் ஆப்பிரிக்கா செல்லும் துணிவும் அவருக்குப் பிறந்தது.

1924ஆம் ஆண்டில் அவர் லம்பரேனே திரும்பியபோது மருத்துவமனையைக் காடு மூடியிருந்தது. கூரைகள் சிதைந்திருந்தன. காலையில் மருத்துவராகவும் மாலையில் கட்டடத் தொழிலாளராகவும் உழைத்தார். நோயாளிகள் பெருகியதால் ஆற்றங்கரையில் வேறோர் இடத்தில் பெரிய மருத்துவமனையை எழுப்பினார். 1927ஆம் ஆண்டில் நோயாளிகள் அங்கே குடியேறினர். இத்தொண்டுக்கு அவருடைய குடும்பமும் விலை கொடுத்தது. உடல்நலம் குன்றிய எலேனா, சிறுமியான மகளுடன் பல ஆண்டுகள் ஐரோப்பாவிலேயே தங்க நேர்ந்தது.

அதன்பின் சுவைட்சரின் வாழ்க்கை இரு கரைகளுக்கு இடையே ஓடும் படகைப் போல அமைந்தது. சில ஆண்டுகள் லம்பரேனேயில் பணியாற்றுவார். பிறகு ஐரோப்பா சென்று, பேராலயங்களிலும் ஊர்த் தேவாலயங்களிலும் ஆர்கன் இசைத்து நிதி திரட்டுவார். ஒவ்வோர் ஊரிலும் நிகழ்ச்சிக்கு முன் பல மணிநேரம் அங்குள்ள ஆர்கனோடு செலவிடுவார். எந்தக் குழாய் எப்படி ஒலிக்கும், அந்த மண்டபத்தில் ஓசை எவ்வளவு நேரம் நிலைக்கும் என்று ஆராய்வார். பலர் விரைவாக வாசித்துத் திறமையைக் காட்டினர். அவர் நிதானமாகவே வாசித்தார். கேட்போருக்கு ஒவ்வொரு சுரமும் விளங்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். தேவாலயங்களில் கைதட்டும் வழக்கம் அக்காலத்தில் பெரும்பாலும் இல்லை. அமைதியாகக் கேட்டவர்கள், வெளியேறும்போது அளித்த பணத்தால் தங்கள் பாராட்டைத் தெரிவித்தனர். அப்பணம் மருந்தாகவும் கட்டுத்துணியாகவும் உணவாகவும் லம்பரேனே சென்றது.

1935ஆம் ஆண்டில், லண்டன் கோபுரத்தின் அருகில் உள்ள ஆல் ஹாலோஸ் தேவாலயத்தில் அவருடைய இசை ஒலித்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அந்த ஆர்கன் அழிந்தது. ஆனால், அதில் அவர் வாசித்த இசையை இன்றும் கேட்கலாம். அதே 1935ஆம் ஆண்டில் இந்தியச் சிந்தனை பற்றிய அவருடைய நூலும் வெளிவந்தது. அதில் திருக்குறளின் உயர்ந்த அறநெறியை அவர் பெரிதும் போற்றியுள்ளார்.

1952ஆம் ஆண்டிற்கான அமைதி நோபல் பரிசு சுவைட்சருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசுப் பணத்தையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. லம்பரேனேயில் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பை அமைக்கப் பயன்படுத்தினார். முதுமையிலும் பகல் வேலை முடிந்தபின் பியானோ வாசிப்பதை அவர் விடவில்லை.

1965ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில், சுவைட்சர் லம்பரேனேயில் காலமானார். அவருடைய உடல் மருத்துவமனை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

தொண்டுக்காகக் கலையை இழக்கத் துணிந்தவர் சுவைட்சர். ஆனால், அக்கலையே அவருடைய தொண்டைத் தாங்கி நின்றது. ஐரோப்பிய ஆலயங்களில் அமர்ந்து அவர் இசையைக் கேட்டவர்களுள் மிகப் பலர் லம்பரேனேயைக் கண்டதே இல்லை. ஆயினும், அவர்கள் இசையைச் சுவைத்து மனமுவந்து கொடுத்த காசுகள், தொலைவில் இருந்த நோயாளிகளின் உயிரைக் காத்தன. ஒகோவே ஆற்றங்கரையில் அம்மருத்துவமனை இன்றும் இயங்கி வருகிறது.